மகளிர் மருத்துவரைப் பார்க்க ஒரு சீட்டு: அமெரிக்கப் பெண்கள் கடந்து வந்த வாசல்

நம்மூரில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாயில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வார்? அம்மாவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் லேடி டாக்டர் கிளினிக்குக்குப் போவார். டோக்கன் வாங்குவார், காத்திருப்பார், ஃபீஸ் கொடுப்பார், மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். வரிசை நீளமாக இருக்கலாம். டாக்டர் எரிந்து விழலாம். ஆனால் "என்னைப் பார்க்க வருவதற்கு முன்னால் இன்னொரு டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கேட்டார்கள். 1990-களில் அங்கே லட்சக்கணக்கான பெண்கள் மகளிர் மருத்துவரிடம் போவதற்கு முன்பு தங்கள் குடும்ப டாக்டரிடம் போய், காரணத்தைச் சொல்லி, 'ரெஃபரல்' என்ற சிபாரிசுச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சீட்டு இல்லாமல் போனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. முழுச் செலவும் அந்தப் பெண்ணின் தலையில்.

இந்தச் சீட்டு எப்படி வந்தது? ஏன் பெண்கள் அதை எதிர்த்தார்கள்? அதை ஒழிக்க ஒரு பெரிய நாட்டுக்கு ஏன் இத்தனை வருடங்கள் பிடித்தன? சட்டப் புத்தகத்தில் பார்த்தால் சில வரிகள்தான். அதற்குப் பின்னால் இருப்பதோ நீண்ட கதை.

வாசலில் காவலர் வந்த கதை

கதை ஒரு பாலைவனத்தில் தொடங்குகிறது. 1933-ல் சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் மருத்துவர் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு சின்ன மருத்துவமனை கட்டினார். கொலராடோ ஆற்றிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் அடிபட்டு வருவார்கள், பணம் வராது. மருத்துவமனை மூடும் நிலைக்கு வந்தபோது ஒரு புது ஏற்பாடு பிறந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு ஐந்து சென்ட் முன்கூட்டியே வந்துவிடும். அடிபட்டாலும் படாவிட்டாலும் சரி. இதில் ஒரு நல்லது இருந்தது. நோயாளி நலமாக இருந்தால்தான் மருத்துவருக்கு லாபம். பிறகு தொழிலதிபர் ஹென்றி கைசரோடு சேர்ந்து இதே முறை பெரிதாகி, 1945-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று கைசர் பெர்மனென்டே என்று அறியப்படும் அமைப்பு அதுதான்.

1970-ல் பால் எல்வுட் என்ற மருத்துவர் இந்த மாதிரி அமைப்புகளுக்கு 'ஹெல்த் மெயின்டனன்ஸ் ஆர்கனைசேஷன்' என்று பெயர் சூட்டினார். சுருக்கமாக எச்.எம்.ஓ. மருத்துவச் செலவு எகிறிக்கொண்டிருந்த காலம் அது. அதிபர் நிக்சனுக்கு யோசனை பிடித்துப்போனது. 1973 டிசம்பர் 29-ல் எச்.எம்.ஓ. சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து வருடத்துக்கு 37.5 கோடி டாலர் உதவி. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் காப்பீடு தந்தால், அந்தப் பகுதியில் எச்.எம்.ஓ. இருக்கும் பட்சத்தில் அதையும் ஒரு தேர்வாக முன்வைக்க வேண்டும்.

எச்.எம்.ஓ. பல இடங்களில் இப்படித்தான் இயங்கியது. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு முதன்மை மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பாஷையில் குடும்ப டாக்டர். காய்ச்சலோ முதுகுவலியோ முதலில் அவரிடம்தான் போக வேண்டும். இதய மருத்துவரா, தோல் மருத்துவரா, யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்து சீட்டு எழுதுபவர் அவர். இவருக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'கேட்கீப்பர்', அதாவது வாசல் காவலர்!

யோசனை மோசமானது அல்ல. உங்கள் உடம்பை முழுதாக அறிந்த ஒருவர், தேவையில்லாமல் ஸ்பெஷலிஸ்ட் ஸ்பெஷலிஸ்டாக அலைய விடாமல் வழிகாட்டுவார் என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம். பிரிட்டனிலும் இப்படி ஒரு முறை உண்டு. ஆனால் அமெரிக்காவில் இதோடு பணக் கணக்கு ஒன்றும் சேர்ந்துகொண்டது. பல திட்டங்களில் குடும்ப டாக்டருக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் தொகை போய்விடும். சில திட்டங்களில் அவர் அதிகமாகச் சீட்டு எழுதினால் வருடக் கடைசியில் கிடைக்க வேண்டிய ஊக்கத்தொகை குறையும். கார்ஃபீல்டின் பாலைவனத்தில் நோயாளியை நலமாக வைத்திருக்கத் தூண்டிய அதே கணக்கு, இங்கே நோயாளியை வாசலிலேயே நிறுத்திவைக்கவும் தூண்டியது.

1988-ல் வேலை வழியாகக் காப்பீடு பெற்ற அமெரிக்கர்களில் 73 சதவீதம் பேர் பழைய பாணித் திட்டங்களில் இருந்தார்கள். அதில் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போகலாம், பில்லை அனுப்பலாம். 1996-ல் அது 27 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எட்டே வருடங்களில்! பெரும்பாலானோர் இதைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலாளி திட்டத்தை மாற்றினார், இவர்கள் கையில் புது அட்டை வந்தது.

பெண்களுக்கு மட்டும் ஏன் இது அதிகம் உறுத்தியது?

இந்த வாசல் ஆண்களுக்கும் இருந்தது. ஆனால் பெண்களுடைய நிலை வேறு. அவர்களுக்கு ஏற்கனவே இன்னொரு டாக்டர் இருந்தார்.

இதற்குக் காரணம் இரண்டு கண்டுபிடிப்புகள். முதலாவது, பாப் பரிசோதனை. கிரேக்க நாட்டிலிருந்து 1913-ல் அமெரிக்கா வந்த ஜார்ஜ் பாபனிகொலாவ், கருப்பை வாயிலிருந்து வழித்தெடுக்கும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தே புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். அவருடைய மனைவி ஆண்ட்ரொமாக்கி பல வருடங்கள் இந்தச் சோதனைக்குத் தன்னையே உட்படுத்திக்கொண்டார். 1928-ல் முதலில் சொன்னபோது மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1941-லும் 1943-லும் ஹெர்பர்ட் டிராட் என்ற மகளிர் மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்ட பிறகுதான் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு 'வருடத்துக்கு ஒரு தடவை பாப் ஸ்மியர்' என்பது அமெரிக்கப் பெண்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

இரண்டாவது, 1960-ல் அங்கீகாரம் பெற்ற கருத்தடை மாத்திரை. அதை வாங்க மருத்துவரின் சீட்டு வேண்டும். சீட்டைப் புதுப்பிக்க அவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆக, இருபது வயதில் இருக்கும் ஆரோக்கியமான ஒரு ஆண் வருடக்கணக்கில் எந்த டாக்டரையும் பார்க்காமல் இருந்துவிடலாம். அதே வயதுப் பெண் வருடா வருடம் ஒருவரைப் பார்ப்பார். அவர் பெரும்பாலும் மகளிர் மருத்துவர். ரத்த அழுத்தம் பார்ப்பதும் மார்பகத்தைச் சோதிப்பதும்கூட அவர்தான். பிள்ளை பிறந்தால் பிரசவம் பார்ப்பவரும் அவரேதான்.

இன்னொன்றும் நடந்தது. 1970-ல் பாஸ்டனில் ஒரு பெண்கள் குழு தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே படித்து, விவாதித்து, மலிவான காகிதத்தில் ஒரு கையேடு அச்சிட்டது. 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' என்ற பெயரில் பிறகு அது லட்சக்கணக்கில் விற்றது. டாக்டர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பது மட்டும் நோயாளியின் வேலையல்ல, கேள்வி கேட்கவும் வேண்டும் என்று ஒரு தலைமுறைப் பெண்கள் பழகியிருந்தார்கள்.

அந்தத் தலைமுறையின் கையில்தான் எச்.எம்.ஓ. அட்டை வந்து விழுந்தது. பத்து வருடமாகப் பார்த்த மகளிர் மருத்துவரிடம் போக, புதிதாக ஒதுக்கப்பட்ட குடும்ப டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும். இதற்கு அரை நாள் விடுப்பு, ஒரு தனிக் கட்டணம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, கருக்கலைந்த பயம் என்று நெருங்கிய தோழியிடம் சொல்லவே தயங்கும் விஷயங்களை, அதற்கு வைத்தியம் செய்யப்போகாத ஒருவரிடம் முதலில் விளக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் பிறகு இன்னொருவரிடம் மறுபடி விளக்க வேண்டும். சின்ன ஊர்களில் அந்தக் குடும்ப டாக்டர் கணவருக்கும் மாமியாருக்கும்கூட டாக்டராக இருப்பார்.

சொல்லத் தயங்குகிறவர் போகாமலே இருந்துவிடுவார். இதுதான் உண்மையான ஆபத்து. சீட்டு முறையால் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதைக் கணக்கிட முடியும். வாசலுக்கே வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எதிர்ப்பக்கம் என்ன சொன்னது?

எதிர்த்தவர்கள் எல்லோரும் லாபவெறி பிடித்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு நியாயமான கவலை இருந்தது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் 1969-ல்தான் ஒரு தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. மனிதரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்காமல் முழுதாகப் பார்ப்பதே அந்தத் துறையின் அடிப்படை. பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் மட்டும் ஒருவரிடம், மற்ற உடம்பு இன்னொருவரிடம் என்று பிரித்தால் சர்க்கரை நோயும் இதய நோயும் கவனிக்கப்படாமல் போகும் என்றார்கள். பாப் சோதனையைக் குடும்ப டாக்டரே செய்யலாமே என்றும் கேட்டார்கள். செய்யலாம்தான், பலர் செய்தும் வந்தார்கள்.

காப்பீட்டு நிறுவனங்கள் செலவு கூடும் என்றன. இன்று மகளிர் மருத்துவருக்கு வாசலைத் திறந்தால் நாளை தோல் மருத்துவர், கண் மருத்துவர் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றன.

மகளிர் மருத்துவர்களுக்கும் இதில் தொழில் நலன் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. 1951-ல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் இந்த உரிமைக்காக மும்முரமாக வேலை செய்தது. நோயாளி நேராக வந்தால் அவர்களுக்கும் வருமானம்தானே. ஆனால் டாக்டரின் நலனும் நோயாளியின் விருப்பமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே திசையில் இருந்தன. அதனால்தான் கோரிக்கைக்கு வேகம் கிடைத்தது.

மாநிலம் மாநிலமாக...

அமெரிக்காவில் காப்பீட்டைக் கண்காணிப்பது பெரும்பாலும் மாநில அரசுகளின் வேலை. எனவே சண்டையும் மாநிலச் சட்டமன்றங்களில்தான் ஆரம்பித்தது. 1990-களின் நடுவில் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் போடத் தொடங்கின. பத்தாண்டு முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் சட்டம் வந்துவிட்டது.

வழிகள் இரண்டு. ஒன்று, மகளிர் மருத்துவரையே முதன்மை மருத்துவராகத் தேர்ந்தெடுக்க அனுமதிப்பது. காவலரை நீக்காமல், காவலராக யார் இருக்கலாம் என்பதை மட்டும் மாற்றும் வழி இது. இரண்டாவது, குடும்ப டாக்டர் ஒருவர் இருந்தாலும் மகளிர் மருத்துவரிடம் சீட்டில்லாமல் நேராகப் போகலாம் என்பது. கலிபோர்னியா 1994-ல் முதல் வழியில் சட்டம் போட்டது. அது போதவில்லை என்று 1998-ல் இரண்டாவது வழிக்கும் வந்தது.

சட்டத்துக்குச் சட்டம் வித்தியாசம் இருந்தது. நியூயார்க் சட்டம் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு பரிசோதனைகளுக்கு நேரடியாகப் போகலாம் என்றது. வாஷிங்டன் மாநிலம் 1995-ல் போட்ட சட்டம் இன்னும் தாராளமானது. டாக்டர்களோடு நிற்காமல், உரிமம் பெற்ற பேறுகாலச் செவிலியர்களிடமும் நர்ஸ்களிடமும் நேராகப் போகலாம் என்றது. இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. உரிமை டாக்டருக்கா, பெண்ணுக்கா என்ற கேள்விக்கு அந்த மாநிலம் பெண்ணுக்குத்தான் என்று பதில் சொல்லியிருந்தது.

ஆனால் எல்லா மாநிலச் சட்டங்களுக்கும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1974-ல் அதிபர் ஃபோர்ட் கையெழுத்திட்ட 'எரிசா' என்ற மத்தியச் சட்டம்தான் அந்த ஓட்டை. தொழிலாளர்களின் ஓய்வூதியத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. அதன்படி, ஒரு நிறுவனம் வெளியே காப்பீடு வாங்காமல் தன் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டால், மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் அதைக் கட்டுப்படுத்தாது. பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த முறையில்தான் இருந்தன. வேலை வழியே காப்பீடு பெற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அந்த வருடங்களில் இப்படிப்பட்ட திட்டங்களில் இருந்தார்கள். பின்னாளில் இது அறுபது சதவீதத்தைத் தாண்டியது.

விளைவு? ஒரே தெருவில், ஒரே மகளிர் மருத்துவரிடம் போகும் இரண்டு பெண்கள். அட்டையில் அச்சடித்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் ஒன்றே. ஒருவருக்குச் சீட்டு தேவையில்லை, இன்னொருவருக்குத் தேவை. காரணம், இரண்டாமவரின் முதலாளி தானே செலவை ஏற்பவர், காப்பீட்டு நிறுவனம் அங்கே வெறும் கணக்குப்பிள்ளை. இது பெரும்பாலான ஊழியர்களுக்குத் தெரியவே தெரியாது. பில் வந்த பிறகுதான் தெரியும்.

இந்த ஓட்டையை அடைக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

தலைநகரில் சிக்கிக்கொண்ட மசோதா

எச்.எம்.ஓ. மீதான கோபம் அப்போது உச்சத்தில் இருந்தது. பிரசவமான மறுநாளே தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு 'டிரைவ் த்ரூ டெலிவரி' என்று கேலிப்பெயரே வந்துவிட்டது. 1996-ல் ஒரு மத்தியச் சட்டம் சுகப்பிரசவத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரம் மருத்துவமனையில் தங்குவதற்குக் காப்பீடு தர வேண்டும் என்றது. 1997-ல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தில், மகனுக்கு வைத்தியம் கிடைக்காத ஒரு தாயாக ஹெலன் ஹன்ட் எச்.எம்.ஓ.வைக் கெட்ட வார்த்தையில் திட்டும் இடத்தில் தியேட்டர்களில் கைதட்டல் பறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

அதே 1997 நவம்பரில் அதிபர் கிளின்டன் அமைத்த ஆலோசனைக் குழு நுகர்வோர் மருத்துவ உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. வழக்கமான, நோய்த் தடுப்புச் சேவைகளுக்குப் பெண்கள் தகுதிபெற்ற மகளிர் நல மருத்துவரையோ செவிலியரையோ தாங்களே தேர்ந்தெடுக்க முடிய வேண்டும் என்பது அதில் ஒன்று. 1998 பிப்ரவரியில் கிளின்டன் மத்திய அரசின் கீழ் இயங்கும் மருத்துவத் திட்டங்கள் இந்தப் பட்டியலுக்கு இணங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். முதியோருக்கான மெடிகேரில் அதே வருடம் இது விதியானது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தின் நிர்வகிக்கப்பட்ட பிரிவுக்கு 2002-ல் விதி வந்தது. அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவங்களுக்கு மெடிகெய்ட்தான் பணம் தருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் கனம் புரியும்.

ஆக, அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்குக் கிடைத்துவிட்டது. தனியார் நிறுவன ஊழியர்களுக்கு? அதற்குத்தான் 'நோயாளர் உரிமை மசோதா'.

1999 அக்டோபர் 7-ல் பிரதிநிதிகள் சபை இந்த மசோதாவை 275-க்கு 151 என்ற வாக்கில் நிறைவேற்றியது. கொண்டுவந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஜான் டிங்கெல், குடியரசுக் கட்சியின் சார்லி நார்வுட். நார்வுட் தொழிலால் பல் மருத்துவர். எச்.எம்.ஓ. தொல்லை கட்சி பார்த்து வரவில்லை என்பதற்கு இந்தக் கூட்டணியே சாட்சி. ஆனால் செனட் வேறு வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் சேரவில்லை.

2000 அக்டோபர் 17-ல் நடந்த அதிபர் தேர்தல் விவாதத்தில் அல் கோரும் ஜார்ஜ் புஷ்ஷும் இந்த மசோதாவைப் பற்றி மோதிக்கொண்டார்கள். புஷ் தான் அதிபரானால் செய்யப்போவதைப் பட்டியலிட்டபோது மகளிர் மருத்துவரிடம் நேராகப் போகும் உரிமையையும் அதில் சேர்த்துச் சொன்னார். இரண்டு கட்சியும் ஆதரிக்கும் விஷயம் என்றால் உடனே நிறைவேற வேண்டியதுதானே?

நிறைவேறவில்லை. 2001 ஜூன் 29-ல் செனட் மெக்கெய்ன், எட்வர்ட்ஸ், கென்னடி மூவரின் மசோதாவை 59-36 என்று நிறைவேற்றியது. ஆகஸ்ட் 2-ல் பிரதிநிதிகள் சபை தன் வடிவத்தை 226-203 என்று நிறைவேற்றியது. இரண்டிலும் மகளிர் மருத்துவர் பிரிவு இருந்தது. அதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. சண்டை வேறு இடத்தில். சிகிச்சையை மறுத்த காப்பீட்டு நிறுவனத்தின் மீது நோயாளி வழக்குப் போடலாமா, எந்த நீதிமன்றத்தில், எவ்வளவு நஷ்ட ஈடு? இதில்தான் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டன. செனட் வடிவம் வந்தால் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்துவேன் என்று புஷ் சொல்லிவிட்டார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நாட்டின் கவனமே வேறு பக்கம் போனது. 2002-ல் பேச்சுவார்த்தை முறிந்து மசோதா செத்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு சின்ன உரிமை, யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பெரிய உரிமையோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டதால் அதுவும் சேர்ந்து மூழ்கியது. அதன் விலையை மாநிலச் சட்டம் எட்டாத இடத்தில் வேலை செய்த பெண்கள் இன்னும் எட்டு வருடங்கள் கொடுத்தார்கள்.

இடையில் ஒரு மாற்றம் தானாகவே நடந்தது. மக்கள் கோபத்தைப் பார்த்துப் பல எச்.எம்.ஓ.க்கள் தாங்களாகவே மகளிர் மருத்துவர் வாசலைத் திறந்துவிட்டன. ஊழியர்களும் சீட்டு கேட்காத வேறு வகைத் திட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். ஆனால் நிறுவனம் விரும்பித் தருவது சலுகைதான். அடுத்த வருடம் அது இருக்குமா என்பது நிறுவனத்தின் கையில்.

2010: சத்தமில்லாமல் வந்த பிரிவு

ஒபாமாவின் மருத்துவச் சட்டம் 2010 மார்ச் 23-ல் கையெழுத்தானது. அரசுக் காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்று நாடே இரண்டுபட்டு நின்ற நேரம் அது. அந்தக் கூச்சலில், 2009 டிசம்பரில் செனட்டில் கடைசி நேரத் திருத்தங்களோடு சேர்ந்து வந்த 2719ஏ என்ற பிரிவை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

அது சொன்னது இதுதான். முதன்மை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எந்தக் காப்பீட்டுத் திட்டமும், மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவச் சேவைக்காகத் தன் பட்டியலில் உள்ள நிபுணரிடம் போகும் பெண்ணிடம் சீட்டோ முன் அனுமதியோ கேட்கக் கூடாது. நிபுணர் என்பவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிலச் சட்டப்படி தகுதிபெற்ற பேறுகாலச் செவிலியராகவும் இருக்கலாம். மகளிர் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் தொடர்புடைய சோதனைகளையும் சேவைகளையும் குடும்ப டாக்டரே அனுமதித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வரி முக்கியம். இது இல்லாவிட்டால் டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் எழுதிய ஸ்கேனுக்குச் சீட்டு வாங்க மறுபடி பழைய வாசலுக்கே போக வேண்டியிருக்கும்.

2010 செப்டம்பர் 23-க்குப் பிறகு தொடங்கும் திட்ட ஆண்டுகளுக்கு இது அமலானது. மத்தியச் சட்டம் என்பதால் எரிசா ஓட்டையும் அடைபட்டது. தானே செலவை ஏற்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். இந்த உரிமை இருக்கிறது என்று திட்டக் கையேட்டில் எழுதியும் காட்ட வேண்டும்.

அப்போதும் ஒரு விதிவிலக்கு மிஞ்சியது. சட்டம் வருவதற்கு முன்பே இருந்து, பெரிதாக மாறாத பழைய திட்டங்களுக்கு விலக்கு. அது நீங்க இன்னொரு பத்து வருடம் ஆனது. எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இந்தப் பிரிவை வேறு எண்ணுக்கு மாற்றியது. கூடவே 2022 ஜனவரி முதல் பழைய திட்டங்களையும் உள்ளே கொண்டுவந்தது. முதல் மாநிலச் சட்டங்களிலிருந்து கணக்குப் பார்த்தால் கால் நூற்றாண்டுக்கு மேல்!

சரி, பலன் என்ன?

நேர்மையாகப் பார்த்தால் பதில் கலவையானது. மாநிலச் சட்டங்கள் வந்த பிறகு பெண்கள் பாப் சோதனையும் மார்பகப் பரிசோதனையும் அதிகம் செய்துகொண்டார்களா என்று பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. குறிப்பிடத்தக்க உயர்வு எதையும் அது காணவில்லை. எதிர்ப்பாளர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. குடும்ப டாக்டர்களும் அந்தச் சோதனைகளைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொரு திருப்பமும் உண்டு. வருடாந்தர பாப் சோதனை என்ற அடிப்படையே பிறகு மாறிவிட்டது. 2012-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 21 முதல் 65 வயதுவரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றது. எந்த வருடாந்தரச் சோதனையைக் காட்டி உரிமை கேட்டார்களோ, அதுவே இப்போது வருடாந்தரம் இல்லை.

அப்படியானால் போராட்டம் வீணா? இல்லை. புற்றுநோய்ச் சோதனையின் எண்ணிக்கை மட்டுமே இந்த உரிமையின் அளவுகோல் அல்ல. ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண், கர்ப்பமா என்று பயப்படும் ஒரு பெண், முன்பு ஏற்பட்ட வன்முறையைத் தனக்கு நம்பிக்கையான ஒரு மருத்துவரிடம் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு பெண், இவர்கள் நடுவில் ஓர் அந்நியரிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. அதுதான் கிடைத்தது.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத டாக்டரிடம் போனால் இந்த உரிமை உதவாது. திட்டம் தராத சேவையை இது தர வைக்காது. பெரிய சிகிச்சைகளுக்கு முன் அனுமதி கேட்கும் விதிகளை அந்த டாக்டரும் பின்பற்றியாக வேண்டும். காப்பீடே இல்லாத பெண்ணுக்கு இதில் ஒன்றுமில்லை. இன்னும் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற அமைப்பின் 2024 அறிக்கைப்படி, அமெரிக்காவின் கவுண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையும் இல்லை, மகப்பேறு மருத்துவரோ செவிலியரோ ஒருவர்கூட இல்லை. வாசலில் காவலர் இல்லை என்பது சரி, உள்ளே டாக்டரும் இல்லையே!

இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. நோயாளிக்கு வழிகாட்ட ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் வழிகாட்டியின் கையில் பூட்டையும் கொடுத்து, பூட்டியே வைத்தால் பணம் என்றும் சொன்னால், அவர் வழிகாட்டியாக இருக்க முடியாது. அதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது புது மருந்தோ இலவச வைத்தியமோ அல்ல. தன் உடம்புக்கு எந்த டாக்டர் என்பதை முடிவு செய்ய இன்னொருவரிடம் சீட்டு கேட்காமல் இருக்கும் உரிமையைத்தான் கேட்டார்கள். நம்மூரில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரும் பெண்ணுக்கு அது உரிமை என்றே தோன்றாது. அங்கே அதைச் சட்டத்தில் எழுதி வாங்க வேண்டியிருந்தது.